காற்றுத்தறி நெய்த சந்தேகம்

1810ஆம் ஆண்டு லண்டனில் ஒரு புத்தகம் வெளியானது. அதன் நடுவே ஓர் இயந்திரத்தின் படம். பீப்பாய்கள், குழாய்கள், நெம்புகோல்கள் எனப் பாகம் பாகமாக விளக்கத்தோடு அச்சிட்டிருந்தார்கள். அந்த இயந்திரத்தின் பெயர் ‘ஏர் லூம்’, அதாவது காற்றுத்தறி. லண்டனின் பழைய நகர மதிலுக்கு அருகே ஓர் அறையில் ஏழு பேர் கொண்ட கும்பல் அதை ரகசியமாக இயக்குகிறது. பீப்பாய்களில் துர்நாற்ற வாயுக்கள். அவற்றைக் காந்த விசையோடு சேர்த்து, தொலைவில் இருக்கும் ஒருவரின் மூளைக்குள் பாய்ச்சுகிறார்கள். கையுறை அணிந்த பெண்ணொருத்திதான் இயந்திரத்தை ஓட்டுபவள். அவள் வாய் திறந்து பேசியதே இல்லை. நடப்பதையெல்லாம் சுருக்கெழுத்தில் குறித்துக்கொள்ள ஒரு ‘வாத்தியார்’. ஒரு சிறுவன் பட்டத்தை மேலே ஏற்றிப் பறக்கவிடுவதுபோல, ஓர் எண்ணத்தை மூளைக்குள் ஏற்றி மணிக்கணக்கில் மிதக்கவிடுவதற்குக்கூட அவர்களிடம் ஒரு உத்தி இருந்தது. அதன் பெயரே ‘பட்டம் விடுதல்’.

அப்படி ஒரு இயந்திரம் உலகில் இருந்ததில்லை. அது முழுமையாக இருந்த ஒரே இடம் ஜேம்ஸ் டில்லி மேத்யூஸ் என்ற தேயிலை வணிகரின் மனம். படத்தை வரைந்ததும் அவரே. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையே சமாதானம் பேசப் பாரிஸ் போய், அங்கே சிறைப்பட்டு, திரும்பி வந்தவர். லண்டன் நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்திலிருந்து “துரோகம்!” என்று கூவியதையடுத்து, 1797இல் பெத்லெம் மனநல விடுதியில் அடைக்கப்பட்டார். 1809இல் குடும்பத்தார் அவரை வெளியே எடுக்க முயன்றபோது, வெளியிலிருந்து வந்து பார்த்த இரண்டு மருத்துவர்கள் ‘இவருக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது’ என்று சான்று கொடுத்தார்கள். அதை மறுக்கவே விடுதியின் மருந்தாளர் ஜான் ஹாஸ்லம் அந்தப் புத்தகத்தை எழுதினார்.

அந்த இரு மருத்துவர்களும் முட்டாள்கள் அல்ல. மேத்யூஸ் கோவையாகப் பேசுகிறார், கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்கிறார், பண்பாக நடந்துகொள்கிறார். பிறகு எங்கே நோய்? மேத்யூஸுக்கு இருந்ததை இன்றைய மருத்துவர்கள் பலர் மனச்சிதைவு நோயாகவே வாசிக்கிறார்கள். அதிலும் நீண்ட காலம் ‘பாரனாய்டு ஸ்கிசோஃப்ரீனியா’ என்று அழைக்கப்பட்ட சந்தேக வகை. மற்ற வகைகளிலிருந்து இதைப் பிரிப்பது இந்த விசித்திரம்தான்: அஸ்திவாரம் பொய், அதன்மேல் எழுந்த கட்டடமோ செங்கல் பிசகாமல் நிற்கும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கழித்துவிடலாம். மனச்சிதைவு என்றால் ஒரே ஆளுக்குள் இரண்டு ஆட்கள் குடியிருப்பது அல்ல; அது சினிமா பரப்பிய குழப்பம். 1908இல் சுவிஸ் மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் இந்தப் பெயரைச் சூட்டியபோது, கிரேக்கத்தில் ‘பிளவு’, ‘மனம்’ என்ற இரு சொற்களை ஒட்டினார். அவர் சொன்ன பிளவு சிந்தனை, உணர்ச்சி, செயல் ஆகியவற்றை இணைக்கும் கண்ணிகள் விட்டுப்போவது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் தந்த கணக்குப்படி சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. நெரிசலான நகரப் பேருந்துகள் ஐந்தை நிறுத்தி எண்ணினால், அவற்றில் ஒருவர். உலகம் முழுக்க ஏறத்தாழ 2.4 கோடிப் பேர். அந்த எண்ணிக்கை, 2011 கணக்கெடுப்பின்படியான தமிழ்நாட்டு மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சமம்.

ப்ளாய்லருக்கு முன்பே மருத்துவர்கள் இந்த நோயின் வெவ்வேறு முகங்களைத் தனித்தனி நோய்களாகப் பார்த்து வியந்திருந்தார்கள். 1871இல் ஜெர்மனியின் எவால்ட் ஹெக்கர் ஒன்றை வருணித்தார். பதின்ம வயதில் தொடங்கும். பேச்சு ஒரு சொல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தொடர்பின்றித் தாவும். சாவு வீட்டில் சிரிப்பு வரும். குளிப்பது, உடுப்பது போன்ற அன்றாட ஒழுங்கு கலைந்துபோகும். இளமையின் கிரேக்கத் தேவதை ஹீபியின் பெயரால் அதை ‘ஹெபிஃப்ரீனியா’ என்றார். நாம் குலைவு வகை என்போம். இங்கே செங்கற்கள் இருக்கும், கட்டடம் எழாது.

மூன்று ஆண்டுகள் கழித்து, ஹெக்கரின் நண்பரும் வழிகாட்டியுமான கார்ல் கால்பாம் இன்னொரு முகத்தைக் காட்டினார். நோயாளி சிலைபோல நிற்பார். கையைத் தூக்கி ஒரு கோணத்தில் வைத்தால், மெழுகுப் பொம்மைபோல அந்தக் கோணத்திலேயே நிறுத்திவைத்திருப்பார். கேட்டால் பதில் வராது. சில நேரம் நாம் சொன்னதே எதிரொலியாகத் திரும்பும். சிலருக்கு நேர்மாறாக, காரணமற்ற கொந்தளிப்பு. இது ‘கேட்டடோனியா’, உறைநிலை வகை. இதிலுள்ள அதிசயம் ஒன்று உண்டு. நாள்கணக்கில் வாய் திறக்காதவருக்கு, பதற்றம் தணிக்கப் பரவலாகத் தரப்படும் லோராசெபாம் என்ற மருந்தைச் செலுத்தினால், சிலர் ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரத்துக்குள் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

இந்தத் தனித்தனிக் கண்டுபிடிப்புகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தவர் எமில் க்ரேப்பலின். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து சீட்டுகளில் குறித்துவைத்து, குலைவு, உறைநிலை, சந்தேகம் மூன்றும் ஒரே நோயின் வடிவங்கள் என்றார். பின்னால் வந்தவர்கள் மேலும் சில அறைகளைக் கட்டினார்கள். மாயக்குரலோ சந்தேகமோ இல்லாமல், ஆசையும் முனைப்பும் மெல்ல மெல்ல வற்றிப்போவது எளிய வகை. புயல் ஓய்ந்தபின் அதன் சேதம் மட்டும் தங்குவது எச்ச வகை. எதிலும் அடங்காதவர்களுக்கு ‘வகைப்படுத்த இயலாதது’ என்று ஓர் அறை.

இந்த வரிசையில் சந்தேக வகையை நிறுத்திப் பாருங்கள். குலைவு வகையில் பேச்சு உடைகிறது, இதில் உடைவதில்லை. உறைநிலையில் உடல் கட்டுண்கிறது. இதில் இயல்பாக இயங்குகிறது. எளிய வகையில் உணர்ச்சி வற்றுகிறது. இதில் அச்சமும் கோபமும் பொங்குகின்றன. பெரும்பாலும் சற்றுப் பிந்திய வயதில் வருவதால், படிப்பு, வேலை, திருமணம் எல்லாம் அதற்குள் அமைந்திருக்கும். மேலே தெரிபவை இரண்டுதான். ஒன்று பொய்நம்பிக்கை: எந்தச் சான்றைக் காட்டினாலும் அசையாத தவறான உறுதி, மருத்துவர்கள் ‘டெல்யூஷன்’ என்பார்கள். மற்றொன்று மாயக்குரல்: பேசுவோர் இல்லாமல் காதில் விழும் பேச்சு. எதிர்வீட்டார் கேமரா வைத்திருக்கிறார்கள், சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள், செய்தி வாசிப்பவர் என்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்பார். மற்றபடி வரவு செலவுக் கணக்கைப் பைசா சுத்தமாகப் போட்டுவைப்பார். அதனாலேயே வீட்டார் நெடுநாள் ஏமாந்துபோகிறார்கள். ‘கொஞ்சம் சந்தேகப் புத்தி, அவ்வளவுதான்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்தச் சந்தேகம் எங்கிருந்து ஊறுகிறது? துப்பு ஒரு அறுவை அரங்கிலிருந்து வந்தது. பிரெஞ்சுக் கடற்படை அறுவை மருத்துவர் ஆன்றி லபோரி, மயக்க மருந்துக்குத் துணையாகக் குளோர்ப்ரோமசின் என்ற பொருளைச் சோதித்தபோது, நோயாளிகளிடம் வினோதமான ஓர் அமைதியைக் கண்டார். தூங்கவில்லை, ஆனால் எதுவும் அவர்களை உறுத்தவில்லை. 1952இல் பாரிஸில் ழான் டிலே, பியேர் டெனிக்கர் இருவரும் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். கத்திக்கொண்டிருந்தவர்கள் அமைதியானார்கள், பலருக்குக் குரல்கள் மங்கின. மருந்து வேலை செய்தது. ஏன் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அந்த ‘ஏன்’ வெளிப்படப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் (பிற்பாடு, 2000இல், நோபல் பரிசு பெற்றவர்) டோப்பமின் என்ற மூளை வேதிப்பொருளின் பணியைக் கண்டறிந்தார். 1970களில், இந்த நோய்க்கான மருந்துகள் எல்லாம் டோப்பமினைப் பெற்றுக்கொள்ளும் ஒரு குறிப்பிட்ட ஏற்பியை அடைக்கின்றன என்பது தெளிவாயிற்று. பூட்டின் துளையில் மெழுகு வைத்து அடைப்பதுபோல. எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறதோ, அவ்வளவு குறைந்த அளவு மருந்தே போதும். இத்தனைக்கும், மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் டோப்பமின் தயாரிப்பவை லட்சத்தில் ஒன்றுகூடத் தேறாது. அந்தச் சிறு கூட்டம் உலகத்தையே வேறாகக் காட்டிவிடுகிறது.

டோப்பமினை ‘இன்ப ரசாயனம்’ என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது ஒரு முக்கியத்துவ முத்திரை. சந்தைக்குள் நடக்கும்போது ஆயிரம் முகங்கள், நூறு சத்தங்கள். எதுவும் நம் மனத்தில் ஒட்டுவதில்லை. யாரோ நம் பெயரைச் சொன்னால் மட்டும் சட்டென்று திரும்புகிறோம். ‘இது உனக்கானது, கவனி’ என்று குத்தப்படும் அந்த முத்திரையில் டோப்பமினுக்குப் பெரும் பங்கு உண்டு. அது கண்டபடி குத்தினால் என்ன ஆகும்? 2003இல் மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர் இதைத்தான் விளக்கினார். சிவப்புக் கார் ஒன்று போகிறது, முத்திரை விழுகிறது. பக்கத்து மேசைக்காரர் இருமுகிறார், இன்னொரு முத்திரை. எல்லாமே தனக்கு ஏதோ சொல்வதுபோலத் தோன்றும், என்னவென்று புரியாது. அந்தத் தவிப்பு நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீளும். ஒருநாள் மனம் ஒரு விளக்கத்தைக் கண்டுபிடிக்கிறது: ‘என்னைக் கண்காணிக்கிறார்கள்.’ அப்போது வருவது பயம் மட்டுமல்ல, புதிர் விடுபட்ட நிம்மதியும்தான். சந்தேகம் நோயின் தொடக்கம் அல்ல. தொடங்கிவிட்ட நோய்க்கு மனம் எழுதும் விளக்கவுரை.

எம்ஐடியின் கணித மேதை ஜான் நாஷ் 1959இல், முப்பது வயதில், சந்தேக வகை மனச்சிதைவு என்ற முடிவோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிவப்பு டை கட்டியவர்கள் எல்லாரும் ஒரு சதிக்கூட்டம் என்று நம்பினார். நாளிதழில் தனக்கான ரகசியச் செய்திகளைப் படித்தார். இவ்வளவு தர்க்கம் தெரிந்த நீ இதை எப்படி நம்பினாய் என்று நண்பர் ஒருவர் கேட்டபோது, கணிதக் கருத்துகள் எப்படித் தோன்றினவோ அப்படியேதான் இவையும் தோன்றின, அதனால்தான் நம்பினேன் என்ற பொருளில் பதில் சொன்னார். முத்திரை ஒன்றுதான். அது எதன்மேல் விழுகிறது என்பதில்தான் தேற்றமும் சதியும் பிரிகின்றன.

அடுத்த அதிசயம், முடிவெடுக்கும் வேகம். இரண்டு ஜாடிகள். ஒன்றில் ஒரு நிறத்தில் 85 மணி, வேறு நிறத்தில் 15 மணி. இன்னொன்றில் தலைகீழ். ஏதோ ஒரு ஜாடியிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக் காட்டுவார்கள். எந்த ஜாடி என்று சொல்ல வேண்டும். எத்தனை மணி வேண்டுமானாலும் கேட்கலாம். பெரும்பாலோர் சில மணிகள் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். பொய்நம்பிக்கை உள்ளவர்களில் பலர் ஒன்றோ இரண்டோ பார்த்ததுமே முடிவைச் சொல்லிவிடுகிறார்கள். 1980களில் லண்டனில் நடந்த சோதனை இது. பிறகு பல நாடுகளில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே நீரில், ஒரே தீயில் வெந்ததால் அது சரி. உலகம் அப்படி ஒரே சீராக வேகும் பானை அல்ல.

மாயக்குரலின் பின்னணி இன்னும் நுட்பமானது. உங்களை நீங்களே கிச்சுக்கிச்சு மூட்டிப் பாருங்கள், சிரிப்பு வராது. கையை அசைக்க ஆணை அனுப்பும்போதே, மூளை அந்த ஆணைக்கு ஒரு நகல் எடுத்து, ‘இந்தத் தொடுதல் நம்முடையதுதான், பெரிதுபடுத்த வேண்டாம்’ என்று உணர்வுப் பகுதிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. 2000இல் சாரா ஜேன் பிளேக்மோர் குழுவினர் இதைச் சோதித்தார்கள். குரல் கேட்பவர்களுக்கும், தம்மை வேறு யாரோ இயக்குவதாக உணர்பவர்களுக்கும், சொந்தக் கை தொட்டதும் பிறர் தொட்டதும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. நகல் போய்ச் சேரவில்லை.

இதையே பேச்சுக்குப் பொருத்துங்கள். நாம் எல்லாரும் மனத்துக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறோம். ‘கேஸை அணைத்தோமா?’, ‘அவரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.’ ஒவ்வொரு சொல்லுக்கும் ‘இது நான்’ என்ற நகல் கூடவே போகிறது. அது தவறினால், சொந்த எண்ணமே அனுப்புநர் முகவரி இல்லாத கடிதமாக வந்து விழும். யாரோ அனுப்பியிருக்க வேண்டும் என்றுதானே மனம் நினைக்கும்? 1940களிலேயே அமெரிக்க மருத்துவர் லூயிஸ் கூல்ட், குரல் கேட்ட ஒரு நோயாளியின் தொண்டையிலிருந்து வந்த மிக மெல்லிய முணுமுணுப்பை ஒலிபெருக்கிக் கேட்டார். ‘அவர்கள்’ சொன்னதாக நோயாளி சொன்னவை அந்த முணுமுணுப்பில் இருந்தன. மாயக்குரல் வெறும் கற்பனை அல்ல என்பதை மூளைப் படங்களும் காட்டுகின்றன. குரல் கேட்கும் நேரத்தில் பேச்சையும் கேட்டலையும் கையாளும் பகுதிகள் உண்மையாகவே விழித்தெழுகின்றன. ‘அதெல்லாம் உன் பிரமை’ என்று சொன்னால் அவரால் ஏற்க முடியாததற்குக் காரணம் இதுதான். அவர் மூளையைப் பொறுத்தவரை அது கேட்டது.

மூளை கோளாறைத் தருகிறது; கதையை ஊர் தருகிறது. மேத்யூஸின் காலம் தறிகள் பெருகிய காலம், வாயுக்களைப் பிரித்தெடுத்த வேதியியலின் காலம். ஆகவே அவருடைய எதிரிகளிடம் வாயுவும் தறியும் இருந்தன. வானொலி வந்தபின் அலைகள் வந்தன. பிறகு செயற்கைக்கோள், இப்போது சிப்பும் செல்பேசியும். குரல்களும் அப்படியே. மானுடவியலாளர் டான்யா லூர்மனும் சென்னையின் மருத்துவர் ஆர். பத்மாவதி உள்ளிட்டோரும் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, நம் சென்னை என மூன்று ஊர்களில் தலா 20 பேரிடம், கேட்கும் குரல் எப்படிப்பட்டது என்று விசாரித்தார்கள். அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் முகம் தெரியாதவர்களின் வன்முறைப் பேச்சு. அக்ராவில் பலருக்குக் கடவுளின் குரல். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். திட்டுவதும் உண்டு; கூடவே வீட்டு வேலையைப் பார், குளி என்கிற மாதிரி அறிவுரையும் உண்டு. மாயக்குரலிலும் சொந்தபந்தம் விட்டுப்போகவில்லை.

இவ்வளவு தூரம் வகைகளைப் பிரித்துப் பார்த்தபின், ஒரு திருப்பம். இன்று அந்த வகைகள் அதிகாரபூர்வமாக இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் தன் கையேட்டிலிருந்து அவற்றை நீக்கியது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் அவற்றைக் கைவிட்டது. காரணம், நோயாளிகள் அறைக்குள் அடங்கவில்லை. இருபது வயதில் சந்தேக வகை என்று எழுதப்பட்டவர் முப்பதில் குலைவு வகையாகத் தெரிந்தார். நாற்பதில் எச்ச வகை ஆனார். ஒரே ஆளுக்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டு பெயர் எழுதினார்கள். எந்த வகைக்கு எந்த மருந்து என்பதற்கும் வகைகள் பெரிதாக உதவவில்லை. உறைநிலை மற்ற நோய்களிலும் வருகிறது என்பது தெளிவாகி, அதற்குத் தனி இடம் கிடைத்தது.

அறைகள் போன இடத்தில் இப்போது திருகுகள். கச்சேரி மேடைக்குப் பக்கத்தில் ஒலிக்கலவைப் பலகையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அதுபோல. சந்தேகமும் குரலும் ஒரு திருகு, முனைப்பு வற்றுதல் ஒன்று, சோர்வு ஒன்று, மிகையெழுச்சி ஒன்று, உடலியக்கம் ஒன்று, நினைவும் கவனமும் சேர்ந்து ஒன்று. ஆறு திருகுகள் ஒவ்வொன்றும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மருத்துவர் குறிக்கிறார். மாதங்கள் கழித்து மறுபடி குறிக்கிறார். முதல் திருகு உச்சத்தில், மற்றவை தாழ்வில் இருந்தால், அதுதான் பழைய ‘பாரனாய்டு’. தென்கொரியா 2011இல் நோயின் பெயரையே மாற்றியது. புதிய பெயரின் பொருள் ஏறக்குறைய ‘நரம்புகளில் சுருதி சேராமை’. வீணைத் தந்திக்கும் உடலின் இழைக்கும் தமிழில் நரம்பு என்ற ஒரே சொல் இருப்பதால், அந்தப் பெயர் கொரியாவைவிட இங்கே இன்னும் பொருந்தும்.

திருகுகளைத் தாழ்த்த மருந்துகள் இருக்கின்றன. பல பத்தாண்டுகள் டோப்பமின் பூட்டையே சுற்றிவந்த மருந்துலகில், வேறொரு வழியில் செல்லும் முதல் மருந்துக்கு 2024இல் அமெரிக்கா அனுமதி தந்தது. மருந்து பொய்நம்பிக்கையை அழிப்பதில்லை. முத்திரை குத்தும் வேகத்தைக் குறைக்கிறது. புதுத் துப்புகள் வருவது நின்றால், பழைய சந்தேகம் தீனியில்லாமல் மெல்ல இளைக்கிறது. நாள்கள், வாரங்கள் ஆகும். இதற்கிடையே வீட்டாருக்கு ஒரு வேலை இருக்கிறது. ‘கேமரா கிடையாது’ என்று வாதாடுவதால் பயனில்லை. ‘ஆமாம், இருக்கிறது’ என்று ஒத்துப்போவது ஆபத்து. ‘இப்படி நினைத்தால் பயமாகத்தான் இருக்கும், நான் பக்கத்தில் இருக்கிறேன்’ என்பது உண்மை, அதைச் சொல்லலாம். ஓயாத குறைகூறலும் கடிந்துபேசுதலும் நிறைந்த வீடுகளில் நோய் திரும்பி வருவது அதிகம் என்று லண்டனில் ஜார்ஜ் பிரவுன் குழுவினர் 1972இலேயே காட்டினார்கள். இந்த நோயாளிகளைக் கண்டு ஊர் அஞ்சுகிறது. ஆனால் இவர்கள் பிறருடைய வன்முறைக்கு ஆளாவதுதான் அதிகம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே அழைக்கலாம்.

மேத்யூஸின் கதையில் கடைசி அத்தியாயம் ஒன்று மீதி இருக்கிறது. பெத்லெம் விடுதியின் பழைய கட்டடம் இடிந்து விழும் நிலைக்கு வந்தது. புதிய கட்டடத்துக்கு வரைபடம் கேட்டு நிர்வாகம் போட்டி அறிவித்தது. உள்ளே அடைபட்டிருந்த மேத்யூஸ், அளவுகளோடும் விளக்கக் குறிப்புகளோடும் ஒரு முழு வரைபடத்தைத் தயாரித்து அனுப்பினார். காற்றுத்தறியின் குழாய்களை வரைந்த அதே கை, அதே துல்லியம். நிர்வாகிகள் அதை மெச்சி அவருக்கு 30 பவுண்டு கொடுத்தார்கள். ஹாஸ்லம் அவரிடம் கண்டது தறியை. 1809இல் சான்று கொடுத்த இரு மருத்துவர்கள் கண்டது தறியைத் தவிர்த்த மிச்சத்தை. இரண்டும் ஒரே மனிதரிடம்தான் இருந்தன. பணம் கொடுத்த நிர்வாகிகள், அவரை வெளியே விட மட்டும் மறுத்தவர்கள்தான்.